பாதுகாப்புப் பணத்தை முதலில் எந்த வாழிடத்துக்குக் கொடுப்பது?

இயற்கை வாழிடங்களைக் காப்பதற்கென்று உலகில் ஒதுக்கப்படும் பணம் எப்போதும் தேவையைவிடக் குறைவாகவே இருந்துவருகிறது. ஆகவே ஓர் அறக்கட்டளையோ, நன்கொடையாளர் குழுவோ, சுற்றுச்சூழல் நிதியைக் கையாளும் அரசுத் துறையோ எந்த வாழிடத்துக்கு முதலில் கொடுப்பது என்று முடிவு செய்தே ஆக வேண்டும். எல்லாவற்றுக்கும் சிறிது சிறிதாகப் பிரித்துக் கொடுப்பதும் ஒரு முடிவுதான், பெரும்பாலும் மோசமான முடிவு. 2022 டிசம்பரில் ஏற்கப்பட்ட குன்மிங்-மாண்ட்ரீல் பல்லுயிரியச் சட்டகம், 2030-க்குள் நிலத்திலும் கடலிலும் 30 விழுக்காட்டைப் பாதுகாப்பின்கீழ் கொண்டுவர வேண்டும் என்று இலக்கு வைத்தது. எவ்வளவு என்பது அதில் தெளிவாக இருக்கிறது. எது முதலில் என்பதைப் பெருமளவு நாடுகளின் விருப்பத்துக்கே அது விட்டுவிட்டதால், மலிவாகக் கிடைக்கும் பாலைவனத்தையும் யாரும் கேட்காத ஆழ்கடலையும் கணக்கில் சேர்த்து இலக்கை எட்டிவிட முடியும் என்ற ஆபத்தும் கூடவே இருக்கிறது.

முன்னுரிமை வகுப்பதற்கு இதுவரை அதிகம் பயன்பட்ட அளவுகோல் உயிரினச் செறிவு. சூழலியலாளர் நார்மன் மையர்ஸ் 1988-இல் முன்வைத்து, பின்னர் எண்களால் வரையறுக்கப்பட்ட ‘பல்லுயிர்ச் செறிவிடங்கள்’ என்ற கருத்தின்படி, வேறெங்கும் காணப்படாத குறைந்தது 1,500 தாவர இனங்களைக் கொண்டிருந்து, தன் இயற்கைத் தாவரப் பரப்பில் 70 விழுக்காட்டையேனும் இழந்துவிட்ட நிலப்பகுதிக்கே முதலிடம். இன்று அப்பட்டியலில் 36 இடங்கள் உள்ளன. எங்கே அதிகம் இழக்கப்படும் என்பதை இந்த அளவுகோல் நன்றாகவே காட்டுகிறது. ஆனால் கொடுக்கப்படும் பணம் அந்த இழப்பை நிறுத்துமா என்ற கேள்விக்கு அது பதில் தருவதில்லை. நன்கொடையாளரின் மேசையில் இருக்கும் கேள்வியோ அதுதான். எனவே இங்கே வேறு இரண்டு கேள்விகளைக் கொண்டு வாழிடங்களை ஒப்பிடுகிறேன். அந்த வாழிடத்தைத் தாக்கும் முதன்மையான அச்சுறுத்தலை அந்த இடத்திலேயே நின்று தடுக்க முடியுமா? ஒருமுறை இழந்தால் அது ஒரு மனித ஆயுளுக்குள் திரும்பக் கிடைக்குமா? முதல் கேள்விக்கு ‘முடியும்’ என்றும் இரண்டாவதற்கு ‘கிடைக்காது’ என்றும் பதில் வரும் இடத்துக்கே முதல் பணம் போக வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

பல்லுயிரியம் குறித்த பன்னாட்டு அரசுகளின் அறிவியல் மேடை 2019-இல் வெளியிட்ட மதிப்பீடு, இயற்கையின் சரிவுக்கு ஐந்து நேரடிக் காரணங்களை வரிசைப்படுத்தியது: நிலமும் கடலும் பயன்படும் விதத்தில் ஏற்படும் மாற்றம், உயிரினங்களை நேரடியாகச் சுரண்டுதல், காலநிலை மாற்றம், மாசுபாடு, அயல் இனங்களின் ஊடுருவல். இவற்றில் காலநிலை மாற்றம் மட்டுமே தனி வகை. மற்ற நான்கையும் ஏதோ ஓர் அளவுக்கு உள்ளூரில் தடுக்கலாம். வெப்பத்தை எந்த வேலியாலும் தடுக்க முடியாது. கீழே வரும் ஒப்பீட்டில் இந்த வேறுபாடு திரும்பத் திரும்பத் தலைகாட்டும்.

வெப்பமண்டல மழைக்காட்டிலிருந்து தொடங்கலாம், ஏனெனில் பெரும்பாலான நன்கொடையாளர்களின் மனத்தில் முதலில் வருவது அதுதான். காடழிப்பை நிறுத்த முடியுமா என்ற கேள்விக்கு அமேசான் ஐயத்துக்கு இடமில்லாத பதிலைக் கொடுத்திருக்கிறது. பிரேசிலின் செயற்கைக்கோள் கண்காணிப்பின்படி 2004-இல் 27,772 சதுர கிலோமீட்டராக இருந்த ஆண்டுக் காடழிப்பு, 2012-இல் 4,571 சதுர கிலோமீட்டராகக் குறைந்தது. புதிய பாதுகாப்புப் பகுதிகள், பழங்குடியினரின் நில உரிமை, செயற்கைக்கோள் எச்சரிக்கையைத் தொடர்ந்து களத்துக்குச் செல்லும் அதிகாரிகள், சட்டத்தை மீறும் நிலவுடைமையாளருக்குக் கடன் மறுப்பு, 2006-இல் தொடங்கிய சோயா வணிகர்களின் உடன்பாடு ஆகிய அனைத்தும் சேர்ந்து இதைச் செய்தன. கண்காணிப்பும் தண்டனையும் தளர்ந்தபோது 2021-இல் அளவு மீண்டும் 13,000 சதுர கிலோமீட்டரைத் தொட்டது. பிறகு இறுக்கப்பட்டபோது மீண்டும் இறங்கியது. ஆகவே காட்டைக் காக்கும் பணம் பலன் தருகிறது, ஆனால் அரசின் மனநிலை மாறினால் பத்தாண்டு உழைப்பு சில ஆண்டுகளில் கரைந்துபோகலாம். நன்கொடையாளர் வாங்குவது நிரந்தரமான பாதுகாப்பை அன்று. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய பாதுகாப்பைத்தான் அவர் வாங்குகிறார். இதில் ஓரளவு நிலைத்து நிற்பது சட்டப்படி பதிவான பழங்குடி நில உரிமை மட்டுமே. காட்டுக்குக் கொடுப்பதென்று முடிவு செய்தவர்கள் காவல் வாகனங்களுக்குக் கொடுப்பதைவிட நில அளவைக்கும் உரிமைப் பதிவுக்கும் கொடுப்பது சிறந்தது.

இழந்த காடு திரும்பக் கிடைக்குமா? கைவிடப்பட்ட வெப்பமண்டல நிலத்தில் மண் வளம் சில ஆண்டுகளிலேயே மீளத் தொடங்குகிறது, மர இனங்களின் எண்ணிக்கை சில பத்தாண்டுகளில் மீள்கிறது, ஆனால் பழைய இனக் கலவையும் மரங்களின் மொத்த எடையும் மீள நூறாண்டுக்கு மேல் ஆகிறது. துண்டாக்கப்பட்ட காட்டின் கதை இன்னும் கசப்பானது. தாமஸ் லவ்ஜாய் 1979-இல் பிரேசிலின் மனாஸ் நகருக்கு வடக்கே தொடங்கிய நெடுங்கால ஆய்வில் 1, 10, 100 ஹெக்டேர் அளவுள்ள காட்டுத் துண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டன. 100 ஹெக்டேர் துண்டுகள்கூட 15 ஆண்டுகளுக்குள் தம் கீழ்த்தளப் பறவை இனங்களில் பாதியை இழந்தன. விளிம்பில் நின்ற பெரிய மரங்கள் காற்றுக்கும் வறட்சிக்கும் இரையாயின. எனவே ‘இத்தனை ஹெக்டேர் காட்டைக் காத்தோம்’ என்ற அறிக்கையில் அந்த ஹெக்டேர்கள் தொடர்ச்சியாக இருக்கின்றனவா என்று கேட்காதவர் பாதித் தகவலோடு முடிவெடுக்கிறார்.

கரிச்சதுப்பு நிலங்களுக்கு வரும்போது கணக்கு மாறுகிறது. இக்கட்டுரையில் அதிக இடம் பெறத் தக்கவையும் இவைதாம். பீட் என்று அழைக்கப்படும் இந்த மண், நீரில் மூழ்கி அரைகுறையாக மக்கிய தாவரங்களால் ஆனது. நீர் நிற்கும் இடத்தில் காற்று புகாது, காற்று புகாததால் தாவரக் கழிவு முழுமையாக மக்காது, ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வீதம் அது குவிகிறது. மூன்று மீட்டர் ஆழமுள்ள படிவு உருவாக மூவாயிரம் ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று இதிலிருந்தே கணக்கிடலாம். உலக நிலப்பரப்பில் சுமார் 3 விழுக்காடே உள்ள இந்நிலங்கள், உலகக் காடுகளின் மரங்கள் அனைத்திலும் உள்ளதைவிட அதிகமான கார்பனைத் தம் மண்ணில் வைத்திருக்கின்றன. கால்வாய் வெட்டி நீரை வடித்தவுடன் காற்று உள்ளே புகுகிறது, ஆயிரமாண்டுச் சேமிப்பு கார்பன் டை ஆக்சைடாக வெளியேறத் தொடங்குகிறது, நிலமும் தாழ்கிறது. இங்கிலாந்தின் ஹோம் ஃபென் என்ற இடத்தில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தரைமட்டம் வரை புதைக்கப்பட்ட இரும்புத் தூண் இன்று தரைக்கு மேல் சுமார் நான்கு மீட்டர் நிற்கிறது. தூண் உயரவில்லை, நிலம்தான் அவ்வளவு இறங்கிவிட்டது. மனிதச் செயல்களால் வெளியாகும் பசுங்குடில் வாயுக்களில் ஏறத்தாழ 4 விழுக்காடு வடிக்கப்பட்ட கரிச்சதுப்புகளிலிருந்து வருகிறது என்று ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 2022 மதிப்பீடு கூறுகிறது.

இங்கே அச்சுறுத்தல் மிகத் தெளிவானது, தடுப்பும் அவ்வளவே தெளிவானது: கால்வாயை அடைத்தால் நீர் உயரும், நீர் உயர்ந்தால் சிதைவு நிற்கும், தீயும் எளிதில் பிடிக்காது. இந்தோனேசியா 1990களின் நடுவில் களிமந்தானில் சுமார் பத்து லட்சம் ஹெக்டேர் கரிச்சதுப்பை நெல் வயலாக்க முயன்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கால்வாய்களை வெட்டியது. அமிலம் மிகுந்த அந்த மண்ணில் நெல் விளையவில்லை. வறண்ட மண்ணோ ஒவ்வொரு கடும் கோடையிலும் எரிந்தது. 2015-இல் அந்நாட்டில் 26 லட்சம் ஹெக்டேர் தீக்கிரையானபோது அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கரிச்சதுப்பு. மறு ஆண்டே கரிச்சதுப்புகளை மீட்பதற்கென்று அரசு தனி முகமை ஒன்றை அமைத்து, 20 லட்சம் ஹெக்டேரை இலக்காக வைத்தது. கால்வாய்களை அடைக்கும் வேலைக்கு உயர் தொழில்நுட்பம் தேவையில்லை. மரமும் மண்ணும் உள்ளூர் ஆட்களும் போதும். ஆனால் அடைத்த கால்வாயைப் படகுப் போக்குவரத்துக்காகவோ தோட்டத்தின் வடிகாலுக்காகவோ யாராவது மீண்டும் திறந்துவிடலாம் என்பதால், நீரைத் தாங்கி வளரும் பயிர்களுக்கு அங்குள்ள மக்கள் மாறுவதற்கான செலவையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். அடைப்புக்கு மட்டும் பணம் கொடுத்து வாழ்வாதாரத்தை விட்டுவிடும் திட்டத்தை நான் ஏற்க மாட்டேன்.

மீட்பதைவிடச் சிதையாமல் வைத்திருப்பது எவ்வளவு மலிவு என்பதற்குக் காங்கோ படுகை எடுத்துக்காட்டு. இரு காங்கோ நாடுகளிலும் பரவிக் கிடக்கும் குவெட் சென்ட்ரால் கரிச்சதுப்பு 2017-இல்தான் முதன்முறையாக முழுமையாக வரைபடமாக்கப்பட்டது. சுமார் 1,45,500 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஏறத்தாழ 3,000 கோடி டன் கார்பன் அங்கே இருப்பதாக அந்த ஆய்வு மதிப்பிட்டது. அதன் பெரும்பகுதி இன்னும் வடிக்கப்படவில்லை. 2022-இல் காங்கோ ஜனநாயகக் குடியரசு எண்ணெய்த் துரப்பணத்துக்கு ஏலம் அறிவித்த பகுதிகளில் சில இந்தச் சதுப்போடு மேற்பொருந்தின என்பதை மறக்கக் கூடாது. இன்று குறைந்த செலவில் காக்கக்கூடியதாக இருக்கும் வாய்ப்பு, முதல் சாலையும் முதல் கால்வாயும் வந்தபின் அதே விலையில் கிடைக்காது. கரிச்சதுப்புக்கு எதிராக நேர்மையாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு: குளிர்மண்டலச் சதுப்புகளில் உயிரினங்களின் எண்ணிக்கை மழைக்காட்டோடு ஒப்பிடும் அளவுக்கு இல்லை. இன எண்ணிக்கையையே குறிக்கோளாகக் கொண்ட நன்கொடையாளருக்கு இது பொருந்தாமல் போகலாம். ஒராங்குட்டான் வாழும் வெப்பமண்டலக் கரிச்சதுப்புக் காடுகளுக்கு அந்தக் குறையும் இல்லை.

இயற்கைப் புல்வெளிகளுக்காகப் பரிந்து பேசுவோர் இன்னும் குறைவு. 2005-இல் வெளியான ஓர் உலகளாவிய மதிப்பீட்டில், மிதவெப்பப் புல்வெளிகளில் பாதியை நெருங்கும் பரப்பு உழவுக்கும் பிற பயன்பாட்டுக்கும் மாறிவிட்டது, பாதுகாக்கப்பட்டதோ 5 விழுக்காட்டுக்கும் குறைவு என்று தெரியவந்தது. சட்டமும் புல்வெளியைக் காட்டுக்குக் கீழாகவே வைக்கிறது. பிரேசிலின் வனச் சட்டப்படி அமேசான் காட்டில் நிலம் வைத்திருப்பவர் அதில் 80 விழுக்காட்டை இயற்கை நிலையில் விட்டுவைக்க வேண்டும். செராடோ என்னும் பரந்த புல்வெளி-மரக்காட்டுப் பகுதியின் பெரும்பாலான இடங்களில் 20 விழுக்காடு போதும். சோயா வணிகர்களின் உடன்பாடும் அமேசானுக்கு மட்டுமே பொருந்தியது. 2023-இல் அமேசானில் அழிப்பு குறைந்தபோது செராடோவில் அது கூடியதில் வியப்பில்லை. ஓர் இடத்தை மட்டும் பாதுகாத்தால் அழுத்தம் அடுத்த இடத்துக்கு நகரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

புல்வெளியின் செல்வம் தரைக்குக் கீழே இருக்கிறது. பல புல்வெளித் தாவரங்கள் தங்கள் எடையின் பெரும்பகுதியை வேரிலும் கிழங்கிலும் நிலத்தடித் தண்டிலும் வைத்திருக்கின்றன; தீயும் மேய்ச்சலும் மேலே உள்ளதை அகற்றினாலும் அவை மீண்டும் துளிர்க்கின்றன. ஆனால் உழவு அந்த அமைப்பையே அறுத்துவிடுகிறது. உழுத நிலத்தைக் கைவிட்டால் சில ஆண்டுகளில் பச்சையாகிவிடும், ஆனால் பழைய புல்வெளியின் இனக் கலவை நூறாண்டானாலும் முழுமையாகத் திரும்புவதில்லை. இதைவிட விசித்திரமான அச்சுறுத்தல் நல்லெண்ணத்தின் பெயரில் வருகிறது: 2011-இல் அறிவிக்கப்பட்ட பான் அறைகூவல் போன்ற வனமீட்பு உறுதிமொழிகளை நிறைவேற்றும் அவசரத்தில், மரம் குறைந்த நிலமெல்லாம் அழிந்த காடு என்று கொள்ளப்பட்டு, தொன்மையான புல்வெளிகளில் யூகலிப்டஸும் பைனும் நடப்படுகின்றன. நட்ட மரங்களின் எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்லும் எந்தத் திட்டத்தையும், நடுவதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்ற கேள்விக்கு ஆவணம் காட்டாதவரை, நன்கொடையாளர் தள்ளிவைப்பதே நல்லது. நான் வைத்த இரு கேள்விகளின்படி புல்வெளி மிக உயர்ந்த இடம் பெறுகிறது. அதற்குப் போகும் பணம் குறைவு என்பதால் கூடுதலாகச் சேரும் ஒவ்வொரு ரூபாய்க்கும் டாலருக்கும் அங்கே பயனும் அதிகம்.

பவளப்பாறைகளின் நிலை இதற்கு நேர்மாறானது. கடல்தளத்தில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான இடத்தில் கடலுயிர் இனங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்கு அவை ஆதாரமாக உள்ளன. அழகிலும் இனச் செறிவிலும் அவற்றை மிஞ்சுவது அரிது. ஆனால் அவற்றைக் கொல்லும் முதன்மைக் காரணம் நீரின் வெப்பம். ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் 1998, 2002, 2016, 2017, 2020, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் பெருந்திரள் வெளிறல், அதாவது வெப்பத்தால் பவளங்கள் நிறமிழப்பது, நிகழ்ந்தது. 2016-க்குப் பின் இடைவெளி வெகுவாகக் குறைந்துவிட்டதை ஆண்டுகளே காட்டுகின்றன. உலக வெப்பம் 1.5 பாகை உயர்ந்தால் வெப்பமண்டலப் பவளப்பாறைகளில் 70 முதல் 90 விழுக்காடும், 2 பாகை உயர்ந்தால் 99 விழுக்காட்டுக்கு மேலும் அழியும் என்று காலநிலை மாற்றத்துக்கான அரசுகளிடைக் குழு 2018-இல் எச்சரித்தது. இந்நிலையில் பவளத்தை நாற்றங்காலில் வளர்த்துப் பாறையில் ஒட்டும் மீட்புப் பணிக்கு ஒரு ஹெக்டேருக்கு லட்சக்கணக்கான டாலர் செலவிடுவதை என்னால் பரிந்துரைக்க முடியவில்லை. 2023 கோடையில் ஃபுளோரிடாவில் நாற்றங்கால் பவளங்களைக் கடலிலிருந்து எடுத்துக் கரையிலுள்ள தொட்டிகளுக்கு அவசரமாக மாற்ற வேண்டியதாயிற்று.

அதற்காகக் கடலை முற்றிலும் கைவிட வேண்டியதில்லை. அளவுக்கு மீறிய மீன்பிடிப்பும் கழிவுநீரும் உள்ளூரில் தடுக்கக்கூடியவை. மெக்சிகோவின் கபோ புல்மோவில் உள்ளூர் மீனவர்களே முன்னின்று 1995-இல் உருவாக்கிய கடல் பூங்காவில், 1999-க்கும் 2009-க்கும் இடையில் மீன்களின் மொத்த எடை நான்கு மடங்குக்கு மேல் பெருகியது. குளிர்நீர் மேலெழும் இடங்களில், அதாவது பவளம் பிழைக்க ஓரளவேனும் வாய்ப்புள்ள இடங்களில், இத்தகைய மீன்பிடித் தடைப்பகுதிகளுக்குக் கொடுப்பது பொருளுள்ளது. மற்றபடி, பவளத்தைக் காக்க நினைப்பவரின் பணம் உமிழ்வுக் குறைப்புக் கொள்கைக்கான பணிக்குப் போவதே அறிவுடைமை.

அலையாத்திக் காடுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1980களிலும் 1990களிலும் இறால் பண்ணைகளால் வேகமாக அழிந்த அவை இப்போது மெதுவாகவே குறைகின்றன, சரியாக விட்டால் சில பத்தாண்டுகளில் மீளவும் செய்கின்றன. பணம் வீணாவது நடவில்தான். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையில் நடவு நடந்த 23 இடங்களை ஆராய்ந்தபோது, ஒன்பதில் ஒரு கன்றுகூட உயிரோடு இல்லை. நீர் ஏறி இறங்கும் உயரம் தவறான இடத்தில் எந்தக் கன்றும் நிற்காது; பண்ணைக் கரையை உடைத்து அலையை உள்ளே விட்டால் விதைகள் தாமே வந்து சேரும். கென்யாவின் காசி விரிகுடாவில் 2013 முதல் நடந்துவரும் திட்டம் போல, 117 ஹெக்டேர் காட்டைக் காத்து அதன் கார்பன் வரவை ஊர் மக்களே பள்ளிக்கும் குடிநீருக்கும் செலவிடும் ஏற்பாடு, சிறிய அளவுக்கு நல்ல தேர்வு.

ஆறுகள் தனிப்பட்ட சிக்கலை முன்வைக்கின்றன, ஏனெனில் அவற்றின் பெரிய அச்சுறுத்தலான அணை ஓர் அரசியல் முடிவு. புவிப்பரப்பில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான நன்னீரில் அறியப்பட்ட விலங்கினங்களில் சுமார் பத்தில் ஒன்று வாழ்கிறது. யாங்சி ஆற்றின் துடுப்பு மீன் அழிந்துவிட்டதாக 2022-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்தது. இழந்த இனம் இழந்ததுதான். ஆனால் ஆறு என்ற வாழிடம் வியப்பூட்டும் வேகத்தில் மீள்கிறது. அமெரிக்காவின் கிளமாத் ஆற்றில் நான்கு அணைகள் அகற்றப்பட்டு 2024 அக்டோபரில் பணி முடிந்தவுடனேயே, ஒரு நூற்றாண்டுக்கு மேல் நுழைய முடியாதிருந்த மேற்பகுதியில் சால்மன் மீன்கள் காணப்பட்டன. அதற்குப் பின்னால் பழங்குடி மக்களின் இருபதாண்டுப் போராட்டம் இருந்தது. எனவே ஆற்றுக்குக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் வழக்குக்கும் பொறியியல் ஆய்வுக்கும் கொடுக்கும் பணமாகவே இருக்கும். பத்தாண்டுப் பொறுமை இல்லாதவர்கள் இதில் இறங்க வேண்டாம்.

ஒரே முறை கொடுத்து முடித்துக்கொள்ள விரும்புவோருக்குத் தீவுகள் உகந்தவை. பதிவான உயிரின அழிவுகளில் 60 விழுக்காட்டில் அயல் இனங்களுக்குப் பெரும் பங்குண்டு என்று முன்பு சொன்ன அதே அறிவியல் மேடை 2023-இல் தெரிவித்தது. அவற்றில் பெரும்பாலானவை தீவுகளில் நிகழ்ந்தவை. எலியை முழுமையாக ஒழித்தால் செலவு பெரும்பாலும் அத்தோடு முடிகிறது. தெற்கு ஜார்ஜியா 2018-இல் எலியற்ற தீவாக அறிவிக்கப்பட்டது. ‘முழுமையாக’ என்ற சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது: கோஃப் தீவில் 2021-இல் நடந்த சுண்டெலி ஒழிப்புக்குப் பின் சில மாதங்களிலேயே ஒரு சுண்டெலி கண்ணில் பட்டு, அத்தனை உழைப்பும் தோல்வியில் முடிந்தது. மக்குவாரித் தீவில் 2000-இல் பூனைகளை மட்டும் அகற்றியபின் முயல்கள் பெருகித் தாவரங்களை மொட்டையடித்தன. முயல், எலி, சுண்டெலி மூன்றையும் சேர்த்து ஒழித்த பிறகே தீவு மீளத் தொடங்கியது; அவை முற்றிலும் ஒழிந்துவிட்டதாக 2014-இல் அறிவிக்கப்பட்டது. ஆகவே தீவில் அரைத் தொகை கொடுப்பதைவிடக் கொடுக்காமலிருப்பது மேல்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கையில், பத்தாண்டுக்குக் குறையாமல் தொடர்ந்து கொடுக்கக்கூடிய நடுத்தர நிதி ஒன்றுக்கு, பாதியைக் கரிச்சதுப்புக்கும் (அதிலும் பெரும்பகுதியை இன்னும் வடிக்கப்படாத இடங்களுக்கு), கால் பங்கைத் தொன்மைப் புல்வெளிக்கும், மீதியைக் காட்டு நிலங்களில் பழங்குடி உரிமைப் பதிவுக்கும் கொடுக்கும்படி பரிந்துரைப்பேன். ஓராண்டுக்கு மட்டுமே உறுதி தர முடிந்த நிதிக்கு இந்த வரிசை பொருந்தாது. அது முழுத்தொகையையும் ஒரே தீவுக்கு, வெளியிலிருந்து மீண்டும் எலி வராதபடி தடுக்கும் கண்காணிப்புச் செலவையும் சேர்த்து, கொடுத்துவிடலாம். சட்டப் பணியில் பழக்கமுள்ள அமைப்பாக இருந்தால் ஆறு முதலிடத்துக்கு வரும். கரிச்சதுப்பைத் தேர்ந்தெடுப்பவரும் ஒன்றைச் சரிபார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும்: அந்த நிலத்தின் மீது எண்ணெய், சுரங்க, எண்ணெய்ப்பனை உரிமங்கள் ஏற்கெனவே வழங்கப்பட்டிருந்து, அவற்றைத் திரும்பப் பெற அரசு ஆயத்தமாக இல்லையென்றால், அங்கே அச்சுறுத்தலைக் களத்தில் தடுக்க முடியாது, அப்போது அதே தொகையை உரிமம் இல்லாத அடுத்த சதுப்புக்கு மாற்றிவிடுவதே முறை.